கந்தகமும் கொழுந்தும்

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். மழை பொய்த்தலையும் மிகுந்து அழித்தலையும் நம் இலக்கியம் நன்கறியும். ஆனால் பருவந் தவறாது பெய்த மழையே மண்ணைக் கெடுக்கும் என்பது பழம்புலவர் அறியாத செய்தி. அது ஆலைப் புகைபோக்கியோடு உலகுக்கு வந்தது. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமது மலையகத் தோட்டங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தின் பஞ்சாலை நகரான மான்செஸ்டரின் மழைநீரை 1852 ஆம் ஆண்டில் ரொபேட் அங்கஸ் சிமித் என்ற இரசாயன அறிஞர் ஆராய்ந்தார். தொலைவயல்களின் மழையில் அமோனியாக் காபனேற்றும், புறநகரில் அமோனியா சல்பேற்றும், நகர நடுவில் கந்தக அமிலமும் கலந்திருக்கக் கண்டார். ஆலையை நெருங்க நெருங்க மழை அமிலமாயிற்று. 1872 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் ‘அமில மழை’ என்ற தொடரை வழங்கினார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பியை இலைநோய் பற்றியது. மான்செஸ்டரின் வானம் கறுத்த காலமும் நம் மலைகளின் காடு சாய்ந்த காலமும் ஒன்றே. இரண்டையும் இயக்கிய மூலதனமும் ஒன்றே.

கரியும் எண்ணெயும் எரியும்போது அவற்றிலுள்ள கந்தகம் வாயுவாகிறது. எரியும் வெப்பத்தில் காற்றின் நைதரசனும் ஒட்சைட்டுகளாகிறது. இவை முகிலில் நீரோடு கூடிக் கந்தக அமிலமாகவும் நைத்திரிக் அமிலமாகவும் இறங்குகின்றன. தூய மழையும் காற்றின் காபனீரொட்சைட்டால் சிறிது அமிலத்தன்மை உடையதே, அதன் பி.எச் அளவு ஏறக்குறைய 5.6. அவ்வளவு 4.6 ஆயின் அமிலம் பத்து மடங்கு பெருகிற்று என்பது பொருள். மண்ணில் விழும் அமிலம் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கழுவிச் செல்கிறது. மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியத்தை அவிழ்த்து விடுகிறது. அவிழ்ந்த அலுமினியம் வேருக்கு நஞ்சு. ஐரோப்பாவில் புகைபோக்கிகளை உயர்த்திக் கட்டினார்கள். அண்டை நாடுகளின் ஏரிகளில் மீன்கள் மடிந்தன. 1972 இல் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் சுவீடன் முறையிட்டது. 1979 இல் ஜெனீவாவில் உடன்படிக்கை பிறந்தது.

நம் மலைகளுக்கு அமிலம் முதலில் முகில் வழி வரவில்லை, மூட்டை வழி வந்தது. கரியிலிருந்து விளக்குவாயு எடுத்த ஆலைகளில் அமோனியா கழிவாக வெளியேறிற்று. அதனைக் கந்தக அமிலத்தில் பிடித்து அமோனியம் சல்பேற்று ஆக்கி, உரமாக விற்றார்கள். கழிவையும் காசாக்கும் வித்தையை முதலாளித்துவத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டங்களும் அவ்வுரத்தை வாங்கின. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. ஆண்டுதோறும் உரமிட, ஆண்டுதோறும் மண் புளித்தது. கவ்வாத்து வெட்டும் காலத்தில் மலைகளுக்கு டொலமைற்றுத் தூவுவது இப்புளிப்பைத் தணிப்பதற்கே.

எனினும் தேயிலை எளிதில் காட்டிக்கொடுக்கும் செடியன்று. பி.எச் 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணே அதற்கு உகந்தது. பிற பயிர்களைக் கொல்லும் அலுமினியத்தை உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு அது பசுமையாக நிற்கும். ஆதலால் தோட்டத்துக் கணக்கில் நெடுங்காலம் நட்டம் தெரியாது. தெரிவது லயத்துப் பின்புறத்தில். தொழிலாளி தன் ஓய்வு நேரத்தில் கொத்திய சிறு பாத்தியில் கோவாவும் கரட்டும் லீக்சும் நடுகிறான். அவற்றுக்கு இத்தனை புளிப்பு ஆகாது. கோவாவின் வேர் வீங்கி அழுகும் நோய்க்கு அமில மண் தாய்வீடு. தோட்டத்து மலைக்குத் துரை டொலமைற்றுத் தூவுவார். லயத்துப் பாத்திக்குச் சுண்ணாம்பு வாங்குவது தொழிலாளியின் மடியிலுள்ள காசு.

2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடுத்தது; அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. நூறாண்டு உரத்துக்குப் பழக்கிய மண்ணை ஒரு பருவத்தில் திருத்த நினைத்தது அறிவுடைமை ஆகாது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 25 கோடியாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் அரைப்பேர். மண்ணைப் புளிக்க வைத்த போதும் அதைத் திருத்தப் புறப்பட்ட போதும் அவளிடம் எவரும் கேட்கவில்லை.

செடி சொல்லாததைக் காடு சொல்லக்கூடும். நுவரெலியாவுக்குத் தெற்கே, மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீரூட்டும் ஹோட்டன் சமவெளியில், மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போவதை 1970களின் பிற்பகுதி முதல் அவதானித்து வருகிறார்கள். வரட்சி, மண்ணின் ஊட்டக்குறை, காற்று மாசு எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. அமிலம் தோய்ந்த மூடுபனியும் அவற்றுள் ஒன்று. ஒன்றே காரணமென்று இன்னும் நிறுவப்படவில்லை. எனினும் உயர்மலைக் காடு மழையை மட்டுமன்றி முகிலையும் இலையால் வடித்துக் குடிப்பது என்பதையும், மழைத்துளியைவிட மூடுபனியில் அமிலம் செறிந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

புகைக்கு எல்லைக்கோடு தெரியாது. வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலைக் கடந்து வருகையில் வழிநாட்டுப் புகையைச் சுங்கச்சாவடியில் இறக்கி வைப்பதில்லை. இதனை உணர்ந்தே 1998 இல் இலங்கை உட்பட இப்பிராந்திய நாடுகள் மாலைதீவில் காற்று மாசு பற்றிய மாலே பிரகடனத்தை ஏற்றன. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையமோ நம் சொந்தப் புகை. அதன் அமில மழை அநுராதபுரத்துப் போதிமரத்தை வாட்டுமோ என்ற அச்சம் எழுந்தது, நியாயமான அச்சம். கொழுந்து பறிப்பவளின் கோவாப் பாத்திக்காகவும் அவ்வாறு ஒருவர் அஞ்சலாம்.

மழையை அளப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கழுவிய கண்ணாடிப் பாத்திரமும் பி.எச் தாளும் துல்லியமாகக் காட்டா. ஆயினும் பருவத்துக்குப் பருவம் தோன்றும் பெருமாற்றத்தைக் காட்டும். ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நம் மாணவர்கள் தென்மேற்குப் பருவத்தில் ஒரு குறிப்பேடும் வடகீழ்ப் பருவத்தில் ஒரு குறிப்பேடும் எழுதலாம். லயத்துப் பாத்தியின் மண்ணையும் அதே ஏட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.