ஏரவாடா சக்கரம்

பழைய வண்டியொன்றின் புஷ் தேய்ந்துபோய், அந்த உருப்படி வருவது நின்று வெகு காலமாயிற்று என்று உதிரிபாகக் கடைக்காரர் கைவிரித்த பின்பு, வீட்டுத் தாழ்வாரத்தில் போட்ட சிறிய லேத்தில் பித்தளையைக் கடைந்து அளவு பிசகாமல் பொருத்திக் கொடுக்கும் தொழிலாளியைக் காணுந்தோறும், புனாவை அடுத்த ஏரவாடாச் சிறைச்சாலை என் நினைவுக்கு வருகிறது.

நூற்கும் யந்திரம் பழுதுற்றால் குடும்பத்தினரே அதைச் செப்பனிட இயலுமா என்ற விசாரம், அச்சிறையில் ஒரு ராட்டை உருவாகும் முன்பே தொடங்கிவிட்டது. 1929-இல் அகில பாரத சர்க்கா சங்கம், சிறந்த ராட்டை ஒன்றைச் செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசென்று அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூலை 16,000 அடி நூற்க வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டலாகாது. இருபது வருஷம் உழைக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது, வருஷாந்தரப் பழுதுச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படக் கூடாது என்ற நிபந்தனையே. 150 ரூபாய் யந்திரத்துக்கு அது ஏழரை ரூபாய். தேய்மானத்தையும் முன்கூட்டியே கணக்கிட்ட அந்தக் கருணை, ஏழைக் குடிசையின் வரவுசெலவை அறிந்தவர்களுக்கே வரும். கிர்லோஸ்கர்வாடியிலிருந்தும் ஒரு யந்திரம் போட்டிக்கு வந்தது; ஆயினும் பரிசு எவருக்கும் கிட்டவில்லை.

மறு வருஷம் மே மாதத்தில், உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது கைதான காந்தியடிகள் ஏரவாடாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ரயிலில் எடுத்துச் செல்லச் சிரமமான பெரிய ராட்டைக்கு மாற்றாக, மூடினால் கைப்பெட்டி போலாகும் ஏரவாடா சக்கரம் என்ற ராட்டை அங்கே உருப்பெற்றது. அதில் பெரிதும் சிறிதுமாக இரு சக்கரங்கள் படுக்கையாக அமைந்திருக்கும். பெரியதைக் கையால் சுழற்ற, கயிற்றின் வழியே சிறியது வேகம் பெற்று, அதிலிருந்து செல்லும் மற்றொரு கயிற்றால் கதிர் பன்மடங்கு விரைவாகச் சுழலும். மரம், கயிறு, ஓர் இரும்புக் கதிர் ஆகியவையே அதன் பிரதான உறுப்புகள். கதிர் சற்றே வளைந்தாலும் நூல் அறும். அதை உருட்டிப் பார்த்துக் கோணல் கண்ட இடத்தில் இலேசாகத் தட்டி நேராக்குவது, நூற்பவர் யாவரும் பயில வேண்டிய வித்தையாயிருந்தது.

பின்னாளில் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் ஒரு ராட்டை கண்டார். அவர் பெயரின் நடுப்பகுதியே அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் வழங்கலாயிற்று. ஒரே கதிருக்குப் பதிலாகப் பல கதிர்களும், பஞ்சை இழுத்து மெலிதாக்கும் உருளைகளும் கொண்டதால், அது தரும் நூல் பெருகியது. ஆனால் உருளை தேய்ந்தபோது சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய வழியில்லை. கதர்க் கருவிகள் செய்யும் பட்டறைகளைத் தேட வேண்டியதாயிற்று. சிறு லேத் ஒன்று ஊருக்கு ஊர் இருந்திருந்தால் அந்தச் சர்க்காக்களில் எத்தனையோ பரணுக்குப் போகாமல் இன்னும் சில காலம் சுழன்றிருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.