நால்வரும் இருபதின்மரும்: கல்லூரிக் கிட்டார் குழுவின் இரு வடிவங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் இசைத் துறையில் கிளாசிக்கல் கிட்டார் படிப்பவருக்குத் தனி வாசிப்போடு குழு வாசிப்பும் பாடமாக இருப்பது வழக்கம். அந்தக் குழு பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் அமையும். ஒன்று, நடத்துநர் இல்லாத நால்வர் குழு. மற்றொன்று, கையசைத்து நடத்தும் ஆசிரியர் முன் பதினைந்து இருபது பேர் அரைவட்டமாக அமரும் பெருங்குழு. கருவி ஒன்றுதான். பல சமயம் இசைப்பிரதியும் ஒன்றுதான். பெருங்குழுவுக்கு எழுதப்படுவதும் அநேகமாக நான்கு பகுதிகளே. ஆனாலும் மாணவர் இரண்டிலும் பழகுவது ஒன்றல்ல. நால்வர் குழு காதைப் பழக்குகிறது. பெருங்குழு கண்ணைப் பழக்குகிறது.

இதற்குக் காரணம் கிட்டாரின் ஒலியிலேயே இருக்கிறது. வயலினில் வில் பட்டு ஒலி திரளச் சற்று நேரம் பிடிக்கும். வில் ஓடும்வரை அது நிற்கும். பத்து வயலின்கள் மயிரிழை முன்பின்னாகத் தொடங்கினாலும் ஒலி கலந்துவிடும். கிட்டாரிலோ நகம் தந்தியை விட்ட கையோடு ஒலி உச்சத்தைத் தொட்டுத் தேயத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுரமும் கூர்மையாகப் பிறக்கிறது. பத்துப் பேர் ஒரே சுரத்தை முன்பின்னாக மீட்டினால் பயறு சிந்தியதுபோல் பொலபொலவென்று கேட்கும். கூட்டத்தில் பிழை மறைந்துவிடும் என்ற நம்பிக்கை கிட்டாரிடம் செல்லாது. ஆள் கூடக் கூட அது வெளியே தெரியும்.

தூரமும் இதோடு சேர்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். நெருங்கி அமர்ந்த நால்வருக்கிடையே 2 மீட்டர் இருந்தால், ஒருவர் மீட்டியது மற்றவரை 6 மில்லி வினாடியில் எட்டிவிடும். இருபது பேரின் அரைவட்டம் 10 மீட்டர் அகலம் என்றால், ஒரு முனையின் ஒலி மறுமுனைக்கு வர 29 மில்லி வினாடி ஆகும். அதைக் கேட்டு அதோடு சேர முயல்பவர் பிந்துவார். அவரைக் கேட்பவர் இன்னும் பிந்துவார். காலப்பிரமாணம் இப்படித்தான் இழுபடுகிறது. அதனால் பெருங்குழு ஒத்திகையில் ஆசிரியர் ஓயாமல் சொல்வது, பிரதியிலிருந்து தலையை நிமிர்த்திக் கையைப் பாருங்கள் என்பதே. நால்வர் குழுவில் அந்தக் கை இல்லை. முதல் கிட்டார்காரர் எடுப்புக்கு முன் மூச்சை இழுத்துக் கிட்டாரின் தலையைச் சற்று உயர்த்துவார். அந்த அசைவின் வேகத்திலேயே காலப்பிரமாணம் தெரிந்துவிடும். அதன் பிறகு காதுதான் வழி.

விரலமைப்பிலும் இரண்டும் பிரிகின்றன. திறந்த முதல் தந்தி தரும் சுரத்தை இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காவதில் 14இலும், ஐந்தாவதில் 19இலும் வாசிக்கலாம். சுரம் ஒன்று, நாதம் ஐந்து விதம். நால்வரில் ஒருவர் தம் குரல் தனித்துத் தெரிய விரும்பும் இடத்தில் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். பெருங்குழுவில் ஒரே பகுதியை ஐந்து பேர் வாசிக்கும்போது ஐவரும் ஒரே தந்தியில், ஒரே இடத்தில், பாலத்துக்கு அருகிலா ஒலித்துளைக்கு மேலா என்பதிலும் ஒத்து மீட்ட வேண்டும். பென்சிலும் கையுமாக விரலெண் குறிப்பதிலேயே ஒத்திகையின் பெரும்பகுதி போய்விடும்.

இத்தனை பேர் சேர்ந்தால் ஒலியாவது பெருகுமா? நான்கு இருபதானால் கூடுவது ஏறத்தாழ 7 டெசிபல். காதுக்கு இருமடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும். ஆகப் பெருங்குழுவின் ஆதாயம் சத்தத்தில் இல்லை, அடர்த்தியில் இருக்கிறது. கியூப இசையமைப்பாளர் லியோ பிரோவர் 1984இல் எழுதிய ‘மழையோடு ஒரு கியூப நிலக்காட்சி’ இதைத் தெளிவாகக் காட்டும். தொடக்கத்தில் உதிரித் துளிகளாகச் சுரங்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகின்றன. அங்கே நால்வரே சிறப்பு. ஒரு துளிக்கு ஐந்து பேர் என்றால் துளி சிதறும். மழை வலுக்கும்போது ஒவ்வொருவரும் தம் போக்கில் வாசிக்கும் இடம் வருகிறது. அங்கே ஒன்றாமையே தேவை என்பதால், இருபது பேர் எழுப்பும் அடைமழையை நால்வரால் தர முடியாது.

மேடையில் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். நால்வருக்குச் சுருதி சேர்க்க வேண்டிய தந்திகள் 24; இருபதின்மருக்கு 120. விளக்கின் சூட்டில் நைலான் தந்தி இறங்கினால் நால்வர் இரண்டு உருப்படிகளுக்கிடையே காதாலேயே சரிசெய்துகொள்வார்கள். பெருங்குழு கிட்டார் தலையில் மாட்டிய ட்யூனரை நம்பியிருக்கும். நால்வரில் ஒருவர் ஒரு வரி தாவிவிட்டால் மற்ற மூவரும் அவரோடு தாவிக் காப்பாற்ற முடியும். இருபதின்மரில் தொலைந்தவர் கையை நிறுத்தி, தெரிந்த இடம் வரும்போது சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

காதுப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குச் சான்று லாஸ் ஏஞ்சலஸ் கிட்டார் குவார்ட்டெட். 1980இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், பெப்பே ரொமேரோவின் வழிகாட்டலில் உருவான மாணவர் குழு அது. ‘கிட்டார் ஹீரோஸ்’ ஆல்பத்துக்காக 2005இல் கிராமி விருது பெற்றது. ரொமேரோவோ தந்தை செலெடோனியோவுடனும் சகோதரர்களுடனும் 1960இலிருந்து குடும்ப நால்வர் குழுவில் வாசித்தவர். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வந்த ஒத்திசைவை, மாணவர்கள் ஒத்திகையால் ஈட்டினார்கள்.

பொதுவாக முதலாண்டு மாணவரைப் பெருங்குழுவில் சேர்த்து, தேறியவரை நால்வர் குழுவுக்கு அனுப்புவார்கள். எளியதிலிருந்து கடினத்துக்கு என்பது கணக்கு. ஆனால் பெருங்குழுவில் திணறுபவர் பக்கத்துக் கிட்டாரைக் கேட்டுக் கேட்டு வாசிப்பார். கேட்டபின் மீட்டுவது எப்போதும் பிந்தியே வரும். குழுவைக் கலைப்பதும் அதுதான். தானே எண்ணி, தானே எடுக்கும் துணிவு பெருங்குழுவுக்கே முதலில் வேண்டும். அதைத் தருவதோ நால்வர் குழு. ஒரே ஆசிரியர் இருபது பேரை ஒரு மணி நேரத்தில் கவனித்துவிடலாம் என்பதால்தான் வரிசை தலைகீழாக நிற்கிறது. அந்த வரிசையை மாற்றக் கூடுதல் ஆசிரியரும் தேவையில்லை. பிரதி நான்கு பகுதிகளாக இருப்பதால் இருபது பேரை ஐந்து நால்வர் குழுக்களாகப் பிரித்து, செமஸ்டரின் முதல் பாதியை அப்படியே ஓட்டலாம். ஆசிரியர் அறை அறையாகச் சென்று கேட்டுவந்தால் போதும். பிற்பாதியில் ஐந்தும் ஒன்றாக அமரும்போது, ஒவ்வொரு பகுதியையும் துணையின்றி வாசிக்கத் தெரிந்த ஐந்து பேர் அரைவட்டத்தில் இருப்பார்கள்.