பெரட்டுக் களத்தில் பிறந்த தலைமை

மலாக்கா நகரை அடுத்த புக்கிட் காத்தில் வட்டாரத்திற்கு அண்மையில் உள்ளது புக்கிட் லிந்தாங். அங்கே 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து ஆட்களும் பெருகினர். விடியுமுன் அவர்களை எழுப்பிப் பெரட்டுக்கு நிறுத்தி, நிரை பிரித்து அனுப்பும் பொறுப்பு யாருடையது? துரையின் பெயரால் நடந்ததேனும், உண்மையில் அதனைத் தாங்கியவர் கங்காணியே.

கங்காணியைக் கொடியவர் என்று மட்டும் எழுதிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. தோட்டத்தார் தந்த உரிமச் சீட்டுடன் தம் சொந்த ஊருக்கே சென்று, உறவினரையும் அண்டை வீட்டாரையும் அவர் அழைத்து வந்தார். யார் யாருடைய மகன், எவர் வீட்டில் யாருக்கு நோய், எந்தக் குடும்பம் எதனுடன் பகை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். திருமணமும் சாவும் அவர் முன்னிலையிலேயே நடந்தன. அவர் சொல் அம்பலம் ஏறியதற்குக் காரணம் கைப்பிரம்பு மட்டுமன்று. ஆயினும், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு 2 காசு வீதம் 'தலைக்காசு' பெறுவது அவருக்கு வழக்கமாயிருந்தது. ஆளை ஓய விடாமல் விரட்டியதும் அக்காசே. கடன் கொடுத்தவரும் அவரே. கடனால் கட்டிவைத்தவரும் அவரே. அவருடைய பரிவில் உறவு எவ்வளவு, காசு எவ்வளவு என்று பிரித்தறிவது அரிது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபோது, ஊரோடு அவருக்கிருந்த அந்தக் கொடி அறுந்தது.

துரைமாரும் தமிழ் கற்றனர். இளந்துரைகளுக்குத் தமிழ்த் தேர்வுகளும் நடத்தப்பட்டன. ஆனால் அவர்கள் கற்றது பெரும்பாலும் ஏவல் வினைகளே. 'வா', 'போ', 'வெட்டு' என்று சொல்லப் பழகிய நா, 'என்ன குறை?' என்று கேட்கப் பழகவில்லை. மொழி தெரிந்தும் உரையாடல் நிகழாத விந்தை இது!

இதன் விளைவு 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் வெளிப்பட்டது. மலாக்காவில் நிலவிய அதே தோட்ட முறைதான் அங்கும். தமிழ்ப் பத்திரிகையாளரான ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம் கேட்கப்பட்டது. அது எதிர்பார்க்கத் தக்கதே. வியப்பூட்டுவன அடுத்து வந்த கோரிக்கைகள். துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும். உற்றாரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். வயிற்றுக்காகக் கேட்டவற்றோடு மானத்திற்காகக் கேட்டவையும் சரிநிகராக நின்றன. ஒரு துரை சற்றே செவிசாய்த்திருந்தால் மிதிவண்டி வழக்கத்தை ஒரே நாளில் நீக்கியிருக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை. மாறாக, நாதன் மே மாதத்தில் கைதானார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

போருக்குப்பின் 1946 முதல் சங்கங்கள் முளைத்தன. பல சங்கங்கள் 1954-இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அதனை வழிநடத்திய பி. பி. நாராயணன் 1975-இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். அவர் புகழ் பலரும் அறிந்ததே. அறியப்படாமற் போனவர்கள், தொடக்கக் காலத்தில் தோட்டந்தோறும் சங்கத்தைத் தாங்கியவர்கள். அவர்களுள் தோட்டப் பள்ளி ஆசிரியர்களும் கிராணிகளும் இருந்தனர், கங்காணிகள்கூட இருந்தனர். மனு எழுதத் தெரிந்தவர் ஆசிரியர். கணக்கு அறிந்தவர் கிராணி. எந்த லயத்தில் எவர் மனம் புண்பட்டிருக்கிறது என்பதை அறிந்திருந்தவரோ பழைய கங்காணிதான்.