கத்தியா, கஷாயமா? - தஞ்சை அரண்மனை சொல்லும் பதில்

நாகூர் என்றதும் நினைவுக்கு வருவது தர்காவும் அதன் ஐந்து மினாராக்களும்தான். அவற்றுள் மிக உயரமான பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர்.

தர்காவுக்கும் தஞ்சை அரண்மனைக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தையது. 16ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கருக்குத் தீராத நோய் வந்ததாம். வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது அங்கு வந்தார். அரண்மனையில் உடலெங்கும் ஊசி குத்தப்பட்ட ஒரு புறாவைக் கண்டெடுத்து, ஊசிகளைப் பிடுங்கிவிட்டதும் மன்னர் நலமானார் என்பது மரபு வழி வரும் செய்தி. நன்றியாக நாயக்கர் கொடுத்த நிலத்தில்தான் தர்கா அமைந்தது என்பார்கள்.

அந்தக் கதையில் ஊசியை எடுத்ததால் நோய் தீர்ந்தது. அதே தஞ்சை அரண்மனையில் சுமார் 250 ஆண்டுகள் கழித்து இன்னொரு மன்னர் ஊசியையும் கத்தியையும் எடுத்து நோய் தீர்க்க முயன்றார். அவர்தான் பிரதாப சிம்மரின் பேரன் முறையாகும் இரண்டாம் சரபோஜி.

மருத்துவம் படித்த மன்னர்

1777இல் பிறந்த சரபோஜியை மன்னர் துளஜா தத்து எடுத்தார். சுவார்ட்ஸ் பாதிரியாரின் கவனிப்பில் கல்வி கற்று, 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே ஆங்கிலேயருடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் ஆட்சி அதிகாரம் கைவிட்டுப் போனது. எஞ்சியது கோட்டையும் சிறிது வருமானமும்தான். அதிகாரம் போன மன்னர் பலர் ஆடல் பாடலில் காலம் கழித்தார்கள். சரபோஜியோ நூல்களைச் சேர்த்தார், நோய்களைப் படித்தார்.

அவர் நடத்திய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் என எல்லா முறை வைத்தியர்களும் இருந்தார்கள். மனிதருக்கும் கால்நடைக்கும் மருந்துகள் தயாராயின. பலன் கண்ட மருந்து முறைகள் தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன. அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பின்னாளில் அச்சாகின.

மறுபுறம், கண் நோயாளிகளின் விவரம், கண்ணின் படம், செய்த சிகிச்சை ஆகியவற்றைச் சொல்லும் ஏடுகளும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் கண்புரை அறுவைக் குறிப்புகளும் உண்டு. 2003இல் இவை கண் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தன. அந்த அறுவைகளை மன்னரே செய்தார் என்று நம்பப்படுகிறது. ஆக, மூலிகைக்குப் பெயர் போன அதே மன்னர், தேவைப்பட்ட இடத்தில் கத்தியையும் எடுத்தார்.

அன்று அஞ்சியவர் மூடர் அல்லர்

கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கி, ஒளியை மறைப்பதே கண்புரை. சுசுருத சம்ஹிதை காலத்திலேயே இதற்கு ஊசி வைத்தியம் இருந்தது. ஊசியை நுழைத்து, மங்கிய வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவார்கள். வெளிச்சம் தெரியும், ஆனால் தெளிவு இருக்காது. தள்ளிய வில்லை கண்ணுக்குள்ளேயே கிடப்பதால் அழற்சியும் அழுத்தமும் வந்து கண்ணே போவதும் உண்டு. 1747இல் பிரான்சில் டாவியேல் என்ற மருத்துவர் வில்லையை வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கினார்.

சரபோஜி காலத்தில் மயக்க மருந்து கிடையாது. கண்ணை மரத்துப் போகச் செய்யும் மருந்து 1884இல்தான் வந்தது. கிருமிகளை ஒழித்து அறுவை செய்யும் வழக்கம் 1867இல் லிஸ்டர் சொன்ன பிறகு பரவியது. இவை எதுவும் இல்லாத காலத்தில் ஒருவர் "கத்தி வேண்டாம், கஷாயம் போதும்" என்று சொன்னால் அதில் நியாயம் இருந்தது. மன்னர் 1832இல் மறைந்தபோதும் நிலைமை அதுதான்.

தராசு சாய்ந்த கதை

1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அதன் ஆரோலேப் நிறுவனம் வில்லைகளை மலிவாகத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று கண்புரை அறுவை பெரும்பாலும் சில நிமிட வேலை. ஏழைகளுக்கு இலவச முகாம்களும் உண்டு. நோய் அதேதான். ஆனால் அறுவையின் ஆபத்து குறைந்துவிட்டதால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

அதனால் எல்லாவற்றுக்கும் அறுவைதான் என்று முடிவு கட்டலாமா? கூடாது. மாலைக்கண்ணைப் பாருங்கள். வைட்டமின் ஏ குறைவால் வருவது அது. சுசுருதர் சொன்ன ஆட்டு ஈரலும், நம் வீட்டு முருங்கைக்கீரையும், இன்றைய வைட்டமின் மருந்தும் செய்யும் வேலையை எந்தக் கத்தியும் செய்யாது. கண் நீர் அழுத்த நோய்க்கும் பெரும்பாலும் முதலில் சொட்டு மருந்துதான். கண்ணுக்கு வெளியேயும் இதே கணக்குதான். சிறிய சிறுநீரகக் கல் பல நேரம் தண்ணீர் குடித்தாலே தானாக வெளியேறிவிடும். பெரிய கல் வழியை அடைத்துக்கொண்டால் கீரைத்தண்டுச் சாறு குடித்துக் காத்திருப்பது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தோ, தேனோ, மூலிகைச் சாறோ இன்றுவரை இல்லை. இருந்தும் "இயற்கை வைத்தியம்" என்ற பெயரில் எதையாவது கண்ணில் விட்டுக்கொண்டு புண்ணாக்கிக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சில நூறு ரூபாய் மருந்துக்கு நம்பிக்கை வைத்து, அறுவையில் திரும்பக் கூடிய பார்வையை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

நாகூருக்கு நேர்ந்துகொண்டு போகிறவர் போகட்டும். அது மனதுக்குத் தைரியம் தரும். பிரார்த்தனையும் அறுவையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஆனால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது, "இது இயற்கையா, செயற்கையா?" என்ற கேள்வி உதவாது. "இந்த நோய்க்கு, இந்தக் காலத்தில், எது பலன் தந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். தன் மகாலில் மூலிகையையும் கத்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நோயாளியின் கண்ணைப் படமாக வரைந்து வைத்த மன்னர் விட்டுச் சென்ற பாடம் அதுவே.