தன்வந்திரி மகாலின் ஏடுகள்: பட்டியல் பிரித்த மருத்துவ வரலாறு

நூலகப் பட்டியலை வெறும் தேடுகருவியாகக் கருதுவது ஆய்வாளரிடையே வழக்கம். ஆயினும் எந்தச் சுவடி எதனோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்பதைப் பட்டியலே முடிவுசெய்வதால், மருத்துவ வரலாற்றில் எழக்கூடிய கேள்விகளின் எல்லையையும் அது பெருமளவு வகுத்துவிடுகிறது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் மருத்துவச் சேகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி, நாயக்கர் காலம் முதல் அரண்மனையில் சேர்ந்துவந்த ஏடுகளைப் பெருக்கியதோடு, ஐரோப்பிய அச்சு நூல்களையும் ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். பல மருத்துவ முறைகளும் ஒருங்கே கையாளப்பட்ட தன்வந்திரி மகாலையும் நிறுவினார். அங்கு கையாண்டு தேர்ந்த மருந்துகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக யாத்தனர் என்பது மரபு. பிற்காலத்தில் நூலகம் நோய்வாரியாகப் பதிப்பித்த ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ அச்செய்யுட்களின் தொகுப்பே. கண்நோயாளிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்புத் தாள்களும் அதே அரண்மனையிலிருந்து வந்தவை. நோயின் வரலாறு, அளித்த சிகிச்சை ஆகியவற்றோடு, நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியமும் அவற்றில் இடம்பெறுகிறது. கண்புரை முதலிய கோளாறுகள் விழியில் எவ்வாறு தோன்றின என்பதைச் சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது என்று கருதிய ஒரு மருத்துவ நோக்கு அந்தத் தூரிகை வேலையில் புலப்படுகிறது.

ஓரிடத்தில் ஒரே காலத்தில் உருவான இச்சான்றுகள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. வடமொழி அறிஞர் பர்னல் தொகுத்து 1880இல் வெளியான பட்டியல் அரண்மனையின் வடமொழிச் சுவடிகளை மட்டுமே வகைப்படுத்தியது. அது அவருடைய புலமைக்குக் குறைவன்று. ஆனால் தமிழ்ச் சுவடிகளுக்கும் மராத்திச் சுவடிகளுக்கும் பின்னர்த் தனித்தனிப் பட்டியல்கள் எழுந்தபோது, அப்பிரிவினையே இயல்பான ஒழுங்காக நிலைத்துவிட்டது. இதன் விளைவாகச் செய்யுள் நூல் ‘சித்த மருத்துவம்’ என்றும், கண்நோய்த் தாள்கள் ‘மேலை மருத்துவம்’ என்றும் வெவ்வேறு வரலாறுகளுக்குள் புகுந்தன. ஒரே அரசவையின் சோதனை ஆர்வம் இரண்டிலும் செயல்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயம்கூட எழ வழியில்லாமற் போயிற்று.

செய்யுள், மருந்துச் சரக்கையும் அது தீர்க்கும் நோயையும் கூறுமே தவிர, எத்தனை பேருக்கு அது கொடுக்கப்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்பதைக் கூறுவதில்லை. ஆகவே ‘அனுபவத்தில் கண்டது’ என்னும் உரிமைகோரலைச் செய்யுளை மட்டும் கொண்டு நிறுவ முயல்வது வீண். அதைச் சோதிக்க மோடி ஆவணங்களை, அதாவது மராத்தியை விரைந்தெழுதப் பயன்பட்ட மோடி எழுத்திலான அரண்மனைக் கணக்குகளையும் ஆணைகளையும், உடன்வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருந்தும், மருத்துவச் சுவடி ஆய்வுகள் அப்பக்கம் திரும்புவது அரிது.

சுவடிகளை மின்னுருவாக்கினால் இக்குறை தானே நீங்கும் என்று சிலர் நம்புகின்றனர். ஆனால் பழைய பட்டியலின் தலைப்புகளையே மின்தரவிலும் இடுவது பழைய பிரிவினையை விரைவாகத் தேட உதவுமேயன்றி வேறொன்றும் செய்யாது. ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியர், மொழி, பொருள் ஆகியவற்றோடு, அந்த ஏடு எந்த நிலையத்தில் எழுதப்பட்டது அல்லது பயன்பட்டது, யார் கைவழியே நூலகத்தை அடைந்தது என்பவையும் இடம்பெற வேண்டும். ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் சரபோசி தம் கையொப்பத்தை இட்டிருப்பதால், அவற்றுள் மருத்துவ நூல்களைப் பிரித்தெடுத்து, செய்யுட்களும் கண்நோய்த் தாள்களும் பேசும் நோய்களோடு ஒப்பிடும் பணியை இப்போதே தொடங்கலாம்.