சொல்லிக் கொடுப்பவரும் திருத்துபவரும்

முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது நான் முதலில் பலகையில் வரைவது, மருத்துவ ட்ரயல்களைச் சேர்த்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தை. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, ஏழு படுக்கைக் கோடுகள், அடியில் இடப்பக்கமாக ஒரு சிறு வைரம். குறைமாதப் பிரசவம் ஆகும்போலிருந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று பார்த்த ஏழு ட்ரயல்கள்தான் அந்தப் படுக்கைக் கோடுகள். முதலாவது வெளிவந்தது 1972இல். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலான கோடுகள் நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு, பலன் உண்டா இல்லையா என்று பிடிகொடுக்காமல் நிற்கும். சேர்த்துக் கணக்கிட்டால் வைரம் தெளிவாக இடப்பக்கம் விழும்: ஊசி குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. முறையாகச் சேர்த்துப் பார்த்தது 1989இல்தான். அதுவரை பல மருத்துவர்கள் அந்த ஊசியைப் போடவில்லை.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்காகவே இயன் சால்மர்ஸ் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் காக்ரேன் மையத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அது பன்னாட்டு அமைப்பானது. ட்ரயல்களைச் சேர்த்துப் பார்த்து எழுதும் கட்டுரைகளை, அதாவது ரிவ்யூக்களை, கவனிக்கும் வேலை துறைவாரியான ரிவ்யூ குழுக்களிடம் போனது. தலைப்பை ஏற்பது குழு. எந்தச் சொற்களைப் போட்டு ட்ரயல்களைத் தேடுவது என்று சொல்லித் தருபவர் குழுவின் தகவல் நிபுணர். கடைசியில், வெளியிடலாமா என்று தீர்மானிப்பதும் அதே குழு. அன்று அதற்கு நியாயம் இருந்தது. இந்த வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கைபிடித்து எழுத வைக்காவிட்டால் முதன்முறை எழுதுபவர் பாதியில் விட்டுவிடுவார்.

ஆனால் பாடம் நடத்தியவரே விடைத்தாளையும் திருத்தினால், ஃபெயில் போடக் கை வருமா? கூடவே உழைத்து உருவான வரைவை வேண்டாம் என்று சொல்வது கடினம். தரமும் குழுவுக்குக் குழு மாறியது. 2009இல் டேவிட் டோவி காக்ரேனின் முதல் தலைமை ஆசிரியரானார். பிறகு அமைப்பு முழுவதற்கும் பொதுவாக எடிட்டோரியல் பிரிவு அமைந்தது. எழுத உதவுவது ஓரிடம், ஏற்பதும் மறுப்பதும் வேறிடம் என்றானது. பிரிட்டனில் இருந்த குழுக்களுக்கு அரசு நிதி 2023 மார்ச்சோடு நின்றதும், பழைய ஏற்பாட்டுக்குத் திரும்ப வழியில்லை.

பிரித்தது சரியே. ஆனால் குழுக்கள் செய்துவந்த வாத்தியார் வேலையை இப்போது கல்லூரிகள்தான் ஏற்க வேண்டும். அதனால்தான் ரிவ்யூ எழுத விரும்பும் என் மாணவர்களிடம், தலைப்பைத் தேடுமுன் ஒரு நல்ல புள்ளியியலாளரையும் நூலகரையும் தேடச் சொல்கிறேன்.