கணக்கு தவறிய பக்கங்கள் – 7: பேர் வெட்டியும் வெளியேறாத பிள்ளை

(சென்ற வாரம்: சுமார் 140 ஜிபி நினைவகமுள்ள கணினிகளில் லினக்ஸின் 32 பிட் பக்க எண்ணி நிரம்பி வழியக்கூடும் என்று 2019-இல் தெரியவந்தது. 5.1 வெளியீட்டில் அந்த வாசல் அடைபட்டது.)

அடுத்த ஆண்டே இன்னொரு வாசல் திறந்தது. இம்முறை எண்கள் சரியாக இருந்தன. கேர்னல் பார்க்கக் கூடாத எண்ணைப் பார்த்தது.

ஒவ்வொரு நினைவகப் பக்கத்துக்கும் லினக்ஸ் இரண்டு கணக்கு வைக்கிறது. பக்கம் எத்தனை அட்டவணைகளில் பதிவாகியிருக்கிறது என்பது முதற்கணக்கு. எவர் எந்த வழியில் பிடித்திருந்தாலும் சேர்த்து எண்ணுவது இரண்டாவது. பசறை, நமுனுகுல தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். செக்ரோலில் பேர் வெட்டிய பிறகும் லயக் காம்பராவில் ஆள் குடியிருப்பதுண்டு. செக்ரோலை மட்டும் பார்க்கிற துரைக்குக் காம்பரா காலி.

ஒரு நிரல் ஃபோர்க் வழியாகப் பிள்ளை நிரலைப் பெறும்போது பக்கங்கள் உடனே நகலாவதில்லை. தாயும் பிள்ளையும் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒருவர் எழுத வந்தால்தான் நகல். கூகுள் புராஜெக்ட் ஸீரோவின் யான் ஹோர்ன் கண்ட சூழ்ச்சி இங்கேதான். பிள்ளை அந்தப் பக்கத்தை விஎம்ஸ்ப்லைஸ் என்ற கேர்னல் அழைப்பைக் கொண்டு பைப் எனும் தரவுக் குழாய் ஒன்றில் செருகிவிட்டு, அட்டவணையில் தன் பதிவைத் தானே வெட்டிக்கொள்கிறது. முதற்கணக்கு ஒன்றாகிறது. தாய் எழுத வந்ததும், பங்காளி யாருமில்லை என்று நம்பி, கேர்னல் அதே பக்கத்தில் எழுத விடுகிறது. பிள்ளை பைப்பைத் திறந்து தாயின் ரகசியத்தை வாசிக்கிறது.

ஆண்ட்ரொய்டில் செயலிகள் ஸைகோட் என்ற ஒரே தாய்க்குப் பிறப்பவை. ஆபத்தின் அளவு அதிலேயே விளங்கும்.

எந்தக் கணினியும் விழவில்லை. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. எண்களைச் சோதிப்பவருக்கு எதுவும் அகப்படாது. எந்த முடிவு எந்த எண்ணை நம்பி எடுக்கப்படுகிறது என்று மூலநிரலை வரிவரியாகப் படிக்க வேண்டும். அது எவருக்கும் திறந்த ஏடு. பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளும் எம்எம் அடைவிலுள்ள மெமரி.சி கோப்பை இன்றே திறந்து பார்க்கலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் ஓர் ஒட்டுப் போட்டார். 2020 ஆகஸ்டில் விதியையே மாற்றினார்: இரண்டாம் கணக்கைப் பார்; ஒன்றுக்கு மேலிருந்தால், பிடித்திருப்பவர் யாரென்று கேளாமல் நகல் எடு. அக்டோபர் 11-இல் 5.9 வெளியானது. பிரச்சினை தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் எண்ணுக்கு எத்தனை பேர் என்றுதான் தெரியும். யார் என்று தெரியாது. வட்டிலிருந்து தரவை நேரே இறக்கும்போது கேர்னலும் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் கணக்கு கூடும். அந்தப் பக்கம் எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும் வேளையில் நிரல் எழுத வந்தால்? புது விதிப்படி நகல் பிறக்கிறது. நிரல் புதுப் பக்கத்துக்கு மாறுகிறது. வட்டோ பழைய பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே இறங்கிய தரவு எங்கே போனது? அதைத் தேடப் புறப்பட்டவர் யார்?

(தொடரும்)